புட்டு மாவு பதம் போதும்

விதை போடும் முன்பே தொட்டிக் கலவையை நனைத்துவிட்டால் தண்ணீரும் மிச்சம், நாற்றும் மிச்சம்.

2024 மார்ச்சில் பெங்களூர் தண்ணீருக்குத் தவித்தபோது, தோட்டத்துக்கும் கார் கழுவவும் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அல்சூருக்கும் இந்திரா நகருக்கும் நடுவே, வீடுகள் ஒட்டி நிற்கும் மர்பி டவுன் போன்ற பழைய கன்டோன்மென்ட் பகுதிகளில் தோட்டம் என்றால் பெரும்பாலும் மொட்டை மாடியும் படிக்கட்டும்தான். அங்கே செடிக்குத் தண்ணீர் குடக் கணக்கில்தான்.

அந்தத் தண்ணீர் அதிகம் வீணாவது விதை போடும் நாளில். காய்ந்த தென்னை நார்த் துகளைத் தொட்டியில் நிரப்பி, விதையைத் தூவி, மேலே தண்ணீர் ஊற்றுகிறார்கள். துகள் உடனே உறிஞ்சுவதில்லை. தண்ணீர் தொட்டியின் ஓரமாக வழிந்து அடித் துளை வழியே ஓடிவிடுகிறது. மேற்பரப்பு கறுத்து, நனைந்தது போலத் தெரியும். விரலை விட்டால் உள்ளே தூசு. சின்ன விதைகளும் ஓரத்துக்கு அடித்துச் செல்லப்படும்.

இதற்கான வழி நகரின் எல்லையிலேயே இருக்கிறது. ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் குழித்தட்டு நாற்றுக்குப் பரிந்துரைக்கும் முறையில், துகளில் அதன் எடையைப் போல மூன்று மடங்கு ஈரம் முதலிலேயே இருக்க வேண்டும். விதைத்த தட்டுகளை அடுக்கி பாலிதீன் தாளால் மூடிவிட்டால், முளைக்கும்வரை தண்ணீர் ஊற்றத் தேவையில்லை.

வீட்டில் செய்வது எளிது. 5 கிலோ கட்டியைப் பெரிய தொட்டியில் வைத்து 15 லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். வெதுவெதுப்பான நீர் என்றால் சீக்கிரம் ஊறும். அரை மணி கழித்துக் கிளறி, கட்டிகளை உடைத்து, தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம். பதம் பார்ப்பதைப் புட்டுக்கு மாவு பிசைபவர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்: கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அழுத்திப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரலாம். ஒழுகினால் அதிகம், காய்ந்த துகளைச் சேர்த்துச் சரிசெய்யலாம்.

அதிகத் தண்ணீரும் ஆபத்துதான். துகள்களுக்கு இடையே காற்று இல்லாவிட்டால் வேர் மூச்சு முட்டும். பித்தியம் போன்ற பூஞ்சைகள் புகுந்து, நேற்று நின்ற தக்காளி நாற்று இன்று அடித்தண்டு அழுகிச் சாய்ந்து கிடக்கும். ரோஜா, செம்பருத்திக் குச்சிகளுக்கு வேர் இல்லாததால் இன்னும் கவனம் தேவை. துகளோடு பாதி ஆற்று மணல் கலந்து, அதே பதத்தில் நனைத்து, குச்சியை ஊன்றி, மேலே பாலிதீன் பையைக் கவிழ்த்தால் ஈரம் உள்ளேயே சுற்றும். தொட்டி நேர் வெயிலில் இருக்கக்கூடாது.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். உப்பு நீரில் ஊறிய மட்டையின் துகளில் உப்பு தங்கியிருக்கும். முளைக்கு அது ஆகாது. கழுவிய துகள் என்று கேட்டு வாங்கினால், வீட்டில் இரண்டு மூன்று முறை அலசும் தண்ணீர் மிச்சம்.

காய்கறி கழுவிய நீர் வளர்ந்த செடிகளுக்குப் போகட்டும். விதைக் கலவைக்கு மழைநீர் உத்தமம். ஜூன் மழையில் பிடித்த ஒரு வாளி நீர், ஒரு கட்டியை நனைக்கப் போதும்.