தீவுக்குப் போகும் முதல் நாள்

"தீவு" என்ற சொல்லைக் கேட்டதும் இக்காலத்துக் குழந்தைகளின் மனக்கண் முன் தோன்றுவது மாலத்தீவும் பாலித்தீவுந்தான். நீலக் கடல், வெள்ளை மணல், சாய்ந்து நிற்கும் தென்னை மரம், அதன் நிழலில் ஒரு நாற்காலி - விளம்பரப் படங்களிலே பார்த்துப் பார்த்து மனத்தில் பதிந்துபோன காட்சி அது. அந்தச் சொர்க்கத்துக்குப் போய்வரப் பணம் வேண்டும், பாஸ்போர்ட்டு வேண்டும், எல்லாவற்றிற்கும் மேலாக, நம்முடைய நாட்டிலே பார்க்கத் தக்க தீவு ஒன்றும் இல்லை என்ற நம்பிக்கையும் வேண்டும்!

முதல் இரண்டும் எங்கள் வீட்டில் குறைவு. ஆகையால் மூன்றாவதையும் கைவிட்டு, 2026-ஆம் ஆண்டுப் பொங்கல் விடுமுறைக்கு இராமேசுவரம் போவது என்று தீர்மானித்தோம்.

குழந்தைகள் முதலில் ஆட்சேபித்தார்கள். "அது கோயில், தீவு ஆகுமா?" என்பது அவர்கள் கட்சி. பூகோளப் படத்தை எடுத்து விரித்துக் காட்ட வேண்டியதாயிற்று. பாம்பனிலிருந்து அரிச்சல் முனை வரையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது அந்த நிலம். வடக்கே பாக் நீரிணை. தெற்கே மன்னார் வளைகுடா. அதையடுத்து, பவழப் பாறைகள் சூழ்ந்த 21 சிறு தீவுகள் 1986-ஆம் ஆண்டு முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகக் காக்கப்பட்டு வருகின்றன. பூமத்திய ரேகையிலிருந்து ஒன்பது பாகைக்குச் சற்று வடக்கே இருக்கும் இதைக் காட்டிலும் உஷ்ண மண்டலத் தீவு வேறு என்ன வேண்டும்? பவழப் பாறை என்றதும் எதிர்க்கட்சி சரணடைந்துவிட்டது.

எங்கள் ஆத்தாவோ ஆட்சேபிக்கவே இல்லை. எண்பது வயதாகும் அவரை வீட்டில் பெரியவர், சிறியவர் எல்லோரும் "ஆத்தா" என்றே அழைப்போம். பழநிக்குக் கூப்பிட்டாலே முழங்கால் வலியை நினைவூட்டுகிறவர், இராமேசுவரம் என்றதும் அன்றைக்கே புடவைகளை மடித்து வைத்துவிட்டார். அதன் காரணம் எங்களுக்கு வழியிலேதான் விளங்கிற்று.

நோம்பி நாளில் புறப்பாடு

அவிநாசிபாளையம் பெரிய ஊரல்ல. கோவையிலிருந்து கரூர் செல்லும் நெடுஞ்சாலையும் திருப்பூரிலிருந்து தாராபுரம் செல்லும் சாலையும் சந்திக்கும் இடம் என்றால் பலருக்குத் தெரியும். திருப்பூரைச் சுற்றிலும் உள்ள ஊர்களைப் போலவே இதற்கும் பனியன்தான் படியளக்கிறது. ஆர்டர் முடிய வேண்டிய வாரங்களில் இராப் பகல் என்ற வித்தியாசம் கிடையாது. ஆண்டிலே இரண்டு முறை, தீபாவளிக்கும் பொங்கலுக்குந்தான், இயந்திரங்கள் அடியோடு ஓய்கின்றன. அப்பொழுது ஊரிலே ஏற்படும் நிசப்தம் வெளியூரார் காதுக்குத் தெரியாது. எங்களுக்கு அது நாதசுர ஓசையைவிட இனிமையானது.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கொங்கு நாட்டில் பூநோம்பி. பெண்மக்கள் கூட்டமாகப் போய்ப் பூப்பறித்து, கும்மி கொட்டி, கட்டுச்சோறு உண்டு திரும்பும் நாள். இவ்வாண்டு அதற்கு அடுத்த நாளே தை அமாவாசை வந்தது. கட்டுச்சோற்றைத் தோட்டத்திலே உண்பதற்குப் பதிலாகச் சாலையிலே உண்பது என்று முடிவு செய்து, விடியற்காலை நாலு மணிக்கு வாடகை வேனில் ஏறினோம். புளிச்சோற்றுத் தூக்கு, கச்சாயம் நிறைந்த டப்பா, குழந்தைகளின் மணல் வாளி, ஆத்தாவின் மஞ்சள் பை ஆகியவை எங்களுக்கு முன்பே இடம் பிடித்திருந்தன. மூத்த பையன் ஒரு நோட்டுப் புஸ்தகமும் பென்சிலும் கொண்டு வந்தான். வழியிலுள்ள ஊர்ப் பெயர்களை எல்லாம் எழுதிக்கொண்டு வரவேண்டும் என்பது அவனுக்கு நாங்கள் இட்ட வேலை.

விடுமுறைக்குப் போகிறவர்கள் பயணத்தின் முதல் நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. "அன்றைக்குப் போய்ச் சேரத்தான் சரியாக இருக்கும்" என்பார்கள். இரவு வண்டியில் ஏறித் தூங்கி, காலையில் கண் விழித்தால் கடல்! சௌகரியமான ஏற்பாடுதான். ஆனால் 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தமிழ்நாட்டை அவர்கள் தலையணைக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

மண்ணின் நிறம் மாறுகிறது

கொடுவாயைக் கடந்து தாராபுரத்தை அணுகும்போது கிழக்கு வெளுத்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றை நம்பி நிறுத்திய காற்றாலைகள், பனிமூட்டத்துக்கு மேலே தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றன. தை மாதத்தில் அந்தக் காற்றுக்கு வேகம் இல்லை. அவையும் எங்களைப் போலவே விடுமுறையில் இருந்தன. அமராவதியைக் கடந்தோம். ஒட்டன்சத்திரத்துக் காய்கறிச் சந்தை, திண்டுக்கல்லின் மலைக்கோட்டை எல்லாம் நோட்டுப் புஸ்தகத்தில் ஏறின. மதுரையைச் சுற்றிக்கொண்டு கிழக்கே திரும்பியதும் வைகை எங்களுக்குத் துணை வந்தது.

வைகையைப் பற்றி ஒரு செய்தி. மற்ற ஆறுகளைப் போல் அது நேரே ஓடிக் கடலில் விழுவதில்லை. வழியெல்லாம் கண்மாய்களை நிரப்பிக்கொண்டு வந்து, மிஞ்சிய நீரை இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயில் சேர்க்கிறது. "கடலுக்கு ஒன்றும் வேண்டாமா?" என்று சிறுமி கேட்டாள். வறண்ட சீமைக்கு நடுவே பிறந்த ஆற்றுக்கு அவ்வளவு தாராளம் கட்டுபடியாகாது என்று சொல்லிவைத்தோம். கிணற்று நீரை நம்பி வாழும் எங்கள் காட்டுக்காரர்களுக்கு இந்தச் சிக்கனம் உடனே விளங்கும்.

மானாமதுரையில் கடம் செய்யும் குயவர் வீதி, பரமக்குடியில் தறிகள். பின்னலாடை நாட்டார் நெசவு நாட்டைக் கடக்கும்போது மரியாதையாகச் சற்று மெதுவாகப் போகத்தான் வேண்டும். அங்கிருந்து மண்ணின் நிறமே மாறுகிறது. எங்கள் செம்மண் மறைந்து, கறுப்பும் சாம்பலும் வருகின்றன. தென்னை குறைகிறது, பனை பெருகுகிறது. சீமைக்கருவேலம் கண்ணுக்கெட்டிய மட்டும் படர்ந்து கிடக்கிறது. களத்திலே குண்டு மிளகாய் செக்கச் செவேலென்று உலர்ந்துகொண்டிருக்கும் இடங்களில் மட்டும் பூமி சிரிக்கிறது.

உச்சிப்புளிக்கு அப்பால் காற்றிலே உப்பு மணம். இரு பக்கத்திலும் மரங்களின் இடுக்கு வழியே நீலக் கோடு ஒன்று தெரிந்து மறைந்தது. "கடல்!" என்று குழந்தைகள் ஏககாலத்தில் கூச்சலிட்டார்கள். ஆத்தா மட்டும் முன்னால் குனிந்து, வண்டி ஓட்டியவரைக் கேட்டார்:

"ஏனுங் தம்பி, மண்டபங்கறது இதுதானுங்களா?"

"ஆமாங் ஆத்தா."

"சித்த நேரம் நிறுத்துங்க."

மண்டபம்

வண்டியை விட்டு இறங்கி, சாலை ஓரத்தில் நின்று நாற்புறமும் பார்த்தார் ஆத்தா. பிறகு, கேட்காமலே சொன்னார்:

"எங்க அப்பாருக்கு ஒரு தம்பி இருந்தாருங். பஞ்சத்துல கங்காணியோட கண்டிச் சீமைக்குப் போனவரு. மண்டபத்துல இருக்கறமுன்னு ஒரு காயிதம் வந்துதாமா. அப்புறம் ஒண்ணுமில்லை. செத்த நாளும் தெரியலை, கிழமையும் தெரியலை. அவருக்கு எந்த நாள்ல திதி குடுக்கறது?"

எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இது தெரியாது. இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "இந்தப் பக்கம் ஆரு வந்தீங்க?" என்றார். உண்மைதான்.

இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கென்று தென்னாட்டு ஏழை ஜனங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் லட்சக்கணக்கில் கடல் கடந்தார்கள். பிற்காலத்தில் அவர்களை இறுதியாகத் தடுத்து நிறுத்திப் பார்த்த இடம் இந்த மண்டபம் முகாம். இலங்கை அரசாங்கமே இந்தியக் கரையில் நடத்தி வந்த முகாம் அது. நோய் உண்டா என்று சோதித்து, அம்மை குத்தி, சில நாட்கள் வைத்திருந்து அக்கரைக்கு அனுப்பினார்கள். 1939-இல் இந்திய சர்க்கார், கூலி வேலைக்காக இலங்கை செல்வதைத் தடை செய்தது. சுதந்தரத்துக்குப் பின், அங்கேயே தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்களுக்குக் குடியுரிமை இல்லை என்றாயிற்று. 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த ஒப்பந்தப்படி, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் முடிவாயிற்று. மீதியிருந்த 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்கள். மனிதரைத் தானிய மூட்டைபோல் பங்கிட்ட கணக்கு அது.

திரும்பி வந்தவர்களில் மிகப் பலர் இந்த மண்டபம் வழியாகத்தான் வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே நீலகிரியில் 1968-இல் அரசாங்கத் தேயிலைத் தோட்டம் தொடங்கிற்று. அந்த நாட்களில் தம் தகப்பனார் கோத்தகிரி வரையில் போய் விசாரித்துவிட்டு வந்ததை ஆத்தா நினைவுகூர்ந்தார். ஒரு தகவலும் கிடைக்கவில்லையாம். 1983-க்குப் பின் உள்நாட்டுப் போருக்குத் தப்பி வந்த ஈழத் தமிழர்களுக்கும் மண்டபமே முதல் கூரை ஆயிற்று.

பாலம்

மறுபடியும் வண்டி ஏறினோம். சாலைப் பாலத்தின் உச்சிக்கு வந்ததும் குழந்தைகள் ஆவலோடு எதிர்பார்த்த காட்சி கிடைத்தது. இரு புறமும் கடல். நீலமென்றும் பச்சையென்றும் சொல்ல முடியாத நிறம். கீழே, பக்கத்திலேயே, ரயில் பாலம். 1988-இல் ராஜீவ் காந்தி இந்தச் சாலைப் பாலத்தைத் திறந்துவைக்கும் வரையில், தீவுக்குப் போகிறவர் ரயிலேறியோ படகேறியோதான் போக முடிந்தது.

1914 பிப்ரவரி 24-ஆம் தேதி திறக்கப்பட்டது பழைய ரயில் பாலம். அதற்கு முன் கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பலேறினார்கள். பாலம் வந்த பின் சென்னையில் "போட் மெயில்" ஏறித் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னாரை அடைந்து, அக்கரையில் மீண்டும் ரயிலேறலாம். முதல் வகுப்பில் துரைமாரும், மூன்றாம் வகுப்பில் கங்காணியின் ஆட்களும் ஒரே பாலத்தைக் கடந்தார்கள்.

1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த பாசஞ்சர் ரயிலை அலை அடித்துச் சென்றது. நூற்றுக்கும் மேற்பட்டவர் மாண்டனர். பாம்பன் பாலமும் பெருஞ் சேதமுற்றது. அதனை 46 நாட்களில் செப்பனிட்டு முடித்தவர் ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் இந்தியப் பொறியாளர். ஆனால் தனுஷ்கோடிக்கு ரயில் திரும்பவில்லை.

பழைய பாலத்தில் கப்பல் போவதற்காக நடுவே இருந்த இரும்புத் தூக்கைத் தொழிலாளர்கள் கையினாலேயே நெம்பித் திறந்தார்கள். 2022 டிசம்பரில் அதன் மேல் ரயில் ஓடுவது நின்றது. நம் பொறியாளர்கள் கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்டது. இதன் நடுப்பகுதி 72.5 மீட்டர் நீளம். மின்சார விசையால் அப்படியே நேராக 17 மீட்டர் மேலே எழும்புகிறது.

நாங்கள் கடக்கும்போது ஒரு ரயில் தீவை நோக்கி மெல்ல ஊர்ந்து சென்றது. ஜன்னல்களிலிருந்து கைகள் அசைந்தன. எங்கள் குழந்தைகளும் அசைத்தார்கள். ஆத்தா அந்த ரயிலைக் கும்பிட்டார்.

இந்தத் தீவின் குந்துக்கால் கரையில்தான், மேல்நாட்டு விஜயத்தை முடித்துக் கொழும்பு வழியே திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரி 26-ஆம் தேதி தாய்நாட்டு மண்ணை மிதித்தார். பாஸ்கர சேதுபதி மன்னர் எதிர்கொண்டு அழைத்தார். அதே ஜனவரி 26 பிற்காலத்தில் சுதந்தரச் சபதத்தின் நாளாகவும் குடியரசு நாளாகவும் ஆனது. தீவுக்குள் நுழைந்தால் பேய்க்கரும்பில் அப்துல் கலாம் அவர்களின் நினைவிடம். யுத்த காலத்தில் இராமேசுவரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, ஓடும் வண்டியிலிருந்து எறிந்த பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கி வீடு வீடாகப் போட்ட பையன் அவர். இதைக் கேட்டபின், ஊர்ப் பெயர் எழுதியே கை வலிக்கிறது என்று புகார் செய்த எங்கள் பையன் மௌனமானான்.

கரையில்

தை அமாவாசைக்கு முன்தினமாகையால் ஊர் கொள்ளாத கூட்டம். அறையிலே மூட்டைகளைப் போட்டுவிட்டு மாலையில் அக்கினி தீர்த்தக் கரைக்குப் போனோம். கடை ஒன்றில் இராமேசுவரம் கோபுரப் படம் அச்சிட்ட பனியன்கள் தொங்கின. பையனுக்கு ஒன்று வாங்கிப் புரட்டிப் பார்த்தால், கழுத்துப் பட்டியில் "திருப்பூர்" என்று இருக்கிறது! தீவுக்கு வந்தும் சொந்த ஊர் விடுகிறதில்லை.

குழந்தைகள் அதற்குள் நீரிலே இறங்கிவிட்டார்கள். அலையே இல்லாத கடலைக் கண்டு முதலில் ஏமாற்றம். இடுப்பளவு நீரில் நெடுந்தூரம் நடக்கலாம் என்று தெரிந்ததும் குதூகலம். இங்குள்ளவர்கள் வடபுறத்தைப் பெண்கடல் என்றும் தென்புறத்தைப் ஆண்கடல் என்றும் சொல்லுகிறார்கள். ஆண்கடலின் ஆர்ப்பாட்டத்தைத் தனுஷ்கோடியில் காட்டுவதாக வாக்களித்த பிறகே அவர்களைக் கரையேற்ற முடிந்தது.

ஆத்தா பாதம் நனைய நின்றார். தலைமன்னார் எந்தத் திக்கு என்று பையனைக் கேட்டார். அவன் கைபேசிப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தென்கிழக்கே கை காட்டினான். தனுஷ்கோடி முனையிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான் என்றான். "அவ்வளவுதானா?" என்றார் ஆத்தா. எங்கள் ஊரிலிருந்து தாராபுரம் போகும் தூரம்!

கரையிலிருந்த புரோகிதர் ஒருவரை விசாரித்தோம். இறந்த நாள் தெரியாதவர்களுக்குத் தை அமாவாசையில் கொடுப்பது உண்டு, விடியுமுன் வந்துவிட வேண்டும் என்றார். பெயர் தெரியுமா என்று கேட்டார். ஆத்தாவுக்குத் தெரிந்திருந்தது. எண்பது ஆண்டுகளில் எங்கள் வீட்டில் எவரும் கேட்டிராத அந்தப் பெயரை அவர் சொன்னார்.

"மறந்து போகும், எழுதி வெச்சுக்க சாமி" என்றார் பையனிடம். அவிநாசிபாளையத்தில் தொடங்கிய ஊர்ப் பட்டியலின் கீழே, இராமேசுவரத்துக்கு அடுத்த வரியில், அவன் அதை எழுதிக்கொண்டான். பிறகு நாங்கள் கடிகாரத்தில் மூன்றரை மணிக்கு மணி வைத்துவிட்டுப் படுத்தோம்.