'ஒரே ஒரு மேட்ச்மா!' - பிஜிஎம்ஐ விளையாட்டைப் பிள்ளைகளால் ஏன் நிறுத்த முடிவதில்லை?

சாப்பிடக் கூப்பிட்டால், "இரும்மா, கடைசி சோன்ல இருக்கேன், இப்ப வர முடியாது" என்று பதில் வரும். பப்ஜி விளையாடும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் பழகிப்போன சண்டை இது. பிள்ளை சொல்வது உண்மையா, சாக்கா? தெரிந்துகொள்ள, இந்த விளையாட்டில் இருக்கும் இரண்டு அடுக்குகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் அடுக்கு: மேட்ச்

2018-ல் மொபைலுக்கு வந்த பப்ஜி, 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பியது. 2022-ல் மறுபடி முடக்கப்பட்டு, 2023-ல் மீண்டும் வந்தது. இத்தனைக்கும் நடுவே அடிப்படை ஆட்டம் மாறவில்லை.

அதிகபட்சம் 100 பேர் விமானத்திலிருந்து வெறுங்கையோடு குதிக்கிறார்கள். வீடு வீடாகப் புகுந்து துப்பாக்கி, கவசம், மருந்து சேகரிக்க வேண்டும். இதுதான் 'லூட்'.

எராங்கல் மேப் 8 கி.மீ. நீளம், 8 கி.மீ. அகலம். ஆளுக்கொரு மூலையில் ஒளிந்துகொண்டால் சண்டையே நடக்காது. அதற்காகத்தான் வட்டம். பாதுகாப்பான பகுதி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். வெளியே நின்றால் உயிர் குறையும். அதனால் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்தே ஆக வேண்டும். கடைசிவரை உயிரோடு இருக்கும் அணிக்கு வெற்றி.

நடுவில் நிறுத்திவைக்க பட்டன் கிடையாது. நான்கு பேர் அணியில் ஒருவர் கழன்றுகொண்டால் மற்ற மூவரும் மாட்டிக்கொள்வார்கள். ஆக, 'இப்ப வர முடியாது' என்பது உண்மைதான். ஆனால், சுமார் அரை மணி நேரத்தில் மேட்ச் முடிந்துவிடும். அப்புறமும் ஏன் போனை வைப்பதில்லை?

இரண்டாம் அடுக்கு: மேட்ச்சுக்கு வெளியே

காரணம் இங்கேதான் இருக்கிறது. சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று ஏறிப்போகும் 'டியர்' தரவரிசை, சீசன் முடிந்ததும் கீழே இறக்கப்படும். மறுபடி ஏற வேண்டும். தினசரி மிஷன்களை அன்றைக்கே முடிக்க வேண்டும்.

அடுத்தது ராயல் பாஸ். விளையாட்டுக்குள் செல்லும் நாணயமான யூசி-யை நிஜப் பணம் கொடுத்து வாங்கி, அதில் பாஸ் வாங்க வேண்டும். ஆனால் பரிசுகள் உடனே கைக்கு வராது. விளையாடி விளையாடித்தான் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். காலக்கெடு தாண்டினால் போச்சு. கட்டிய காசு வீணாகக் கூடாது என்ற நினைப்பே அடுத்த மேட்ச்சுக்கு இழுக்கும். 'கிரேட்' பெட்டிகளில் என்ன வரும் என்பது அதிர்ஷ்டம். அதில் கிடைக்கும் உடைகளால் குண்டின் வலிமை கூடாது; பார்க்க கெத்தாக இருக்கும், அவ்வளவுதான்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

2021-ல் அறிமுகமானபோதே 18 வயதுக்குக் கீழானவர்களுக்கு பெற்றோர் ஒப்புதல், நாளுக்கு 3 மணி நேரம், நாளுக்கு ரூ.7,000 செலவு என வரம்புகள் வைக்கப்பட்டன. வயதை ஏற்றிச் சொல்லி நுழைந்தால் இந்த வரம்பு உதவாது. எந்த வயது கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

பாதி மேட்ச்சில் போனைப் பிடுங்கினால் சண்டைதான் மிஞ்சும். 'எட்டு மணி வரை' என்பதற்குப் பதில் 'இன்றைக்கு இரண்டு மேட்ச்' என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நடைமுறைக்கு எளிது. போனில் பணம் செலுத்தும் வசதிக்குத் தனி பாஸ்வேர்டு போட்டு, அதை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.