இருபது கண்ணியும் ஒரு கோணல் மஃப்ளரும்

மார்கழி விடிகாலையில் பால் வாங்கப் போகும் அப்பா, தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு கிளம்புவார். அதற்குப் பதிலாக ஒரு மஃப்ளர் பின்னிக் கொடுக்கலாமே என்று உல்லன் நூல்கண்டும் 5 மில்லிமீட்டர் குரோஷா ஊசியும் வாங்கி வந்தேன். மஃப்ளர் என்பது நேரான ஒரு பட்டை, அவ்வளவுதானே என்று நினைப்பு. 40 வரிசை முடித்துத் தரையில் விரித்தால், அடியில் அகன்று நுனியில் குறுகி, கோயில் கொடிபோலக் கிடந்தது. தொடங்கியபோது வரிசைக்கு 20 கண்ணி. கடைசி வரிசையை எண்ணினேன்: 11.

மிச்சம் 9 எங்கே போயின என்று தேடப் போய்த்தான், இந்தச் சின்ன ஊசிக்குள் எவ்வளவு கணக்கு ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தது.

பெயர்தான் ஊசி. அதற்குக் காதும் இல்லை, கூரும் இல்லை. நுனியில் ஒரு கொக்கி மட்டும் உண்டு. பிரெஞ்சில் 'குரோஷே' என்றாலே சின்னக் கொக்கி என்றுதான் பொருள். நூலின் நுனியில் ஒரு சுருக்கு போட்டு, அதற்குள் கொக்கியை விட்டு நூலை இழுத்தால் ஒரு கண்ணி. அந்தக் கண்ணி வழியாக மறுபடி இழுத்தால் அடுத்தது. இப்படி 21 கண்ணி சேர்ந்தால் ஒரு சங்கிலி. பிறகு திரும்பி, கொக்கிக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் கண்ணியை விட்டுவிட்டு, இரண்டாவதில் தொடங்கி ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தையல் போட வேண்டும்: கொக்கியை நுழை, நூலைப் பிடித்து இழு, மீண்டும் நூலைப் பிடித்து, கொக்கியில் இருக்கும் இரண்டு கண்ணி வழியாகவும் இழு. 20 தையல் ஆனதும் உயரத்துக்கு ஒரு கண்ணி ஏற்றி, திரும்பி, மீண்டும் 20.

இதில் எந்த இடத்திலும் முடிச்சு கிடையாது. கடைசிக் கண்ணியிலிருந்து கொக்கியை உருவிவிட்டு நூலை இழுத்தால், அத்தனை வரிசையும் விறுவிறுவென்று பிரிந்து பழைய நூலாகிவிடும். அப்படியானால் கழுத்தில் சுற்றிய மஃப்ளர் பிரியாமல் இருப்பது எப்படி? கடைசிக் கண்ணிக்குள் நூல்நுனியை விட்டு இறுக்கி அந்த ஒரு வாசலை அடைத்துவிடுகிறோம். மற்றதை உராய்வு பார்த்துக்கொள்கிறது.

மீன்பிடித் துறைமுகத்தில் படகின் கயிற்றைக் கட்டையில் இரண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டு, ஒரே ஆள் படகைப் பிடித்து நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். ஆய்லர் என்ற கணித மேதை இதற்கு ஒரு கணக்கு சொன்னார். சுற்று கூடக் கூடப் பிடிப்பு மடங்கு மடங்காகப் பெருகும். உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்குச் சுமார் ஆறரை மடங்கு. 2 சுற்றுக்கு 40 மடங்குக்கு மேல். 3 சுற்றுக்கு 280 மடங்குக்கு மேல். மஃப்ளரில் ஒவ்வொரு கண்ணியும் பக்கத்துக் கண்ணிகளை அரைச் சுற்றோ கால் சுற்றோ வளைத்துப் பிடித்திருக்கிறது. அப்படி நூற்றுக்கணக்கான தையல்கள்.

திருப்பூர் பனியன் துணியும் கண்ணிகளால் ஆனதுதான். ஆனால் அங்கே நூற்றுக்கணக்கான ஊசிகள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கண்ணியைப் பிடித்திருக்கும். கையால் ஸ்வெட்டர் பின்னுகிறவர்களின் நீண்ட ஊசியிலும் ஒரு வரிசை முழுக்கக் கண்ணிகள் திறந்தபடி காத்திருக்கும். ஊசி நழுவினால் வரிசையே போச்சு. குரோஷாவில் எந்த நேரத்திலும் திறந்திருப்பது ஒரே ஒரு கண்ணி. அது முடியாமல் அடுத்தது பிறக்காது. அதனாலேயே இதை ஆலையில் ஓட்டுவது கடினம். குரோஷா இன்றும் கைவேலையாகவே இருக்கிறது.

இனி, காணாமற்போன 9 கண்ணிகள். வரிசை முடிந்து திரும்பும் இடத்தில், ஓரத்துக் கண்ணி சுருண்டு பக்கவாட்டில் ஒளிந்துகொள்ளும். புதிதாகப் பின்னுகிறவர் கண்ணுக்கு அது தையல் போடும் இடமாகவே தெரியாது. 9 முறை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன், பட்டை முக்கோணமாகிவிட்டது.

எண்ணிக்கை குறைந்தால் குறுகும், சரி. கூடினால்? வட்டமாகப் பின்னிப் பார்த்தால் விடை கிடைக்கும். நடுவில் 6 தையலில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் 6 கூட்டிக்கொண்டே போனால், தட்டுக்கு அடியில் விரிக்கும் விரிப்புபோல வட்டம் தட்டையாக வரும். ஏன் 6? வட்டத்தின் ஆரம் ஒரு பங்கு கூடினால், சுற்றளவு இரண்டு பை, அதாவது சுமார் 6.28 பங்கு கூடியாக வேண்டும். இந்தத் தையலின் உயரமும் அகலமும் ஏறக்குறைய சமம் என்பதால், சுற்றுக்கு 6. பையின் மதிப்பு தெரியாமலே எத்தனையோ கைகள் அதைப் பின்னிக்கொண்டிருக்கின்றன. ஆறுக்குக் குறைத்துக் கூட்டினால் விரிப்பு குழிந்து தொப்பியாகும். கூட்டுவதையே நிறுத்தினால் குழாயாக நீளும்.

மாறாக, ஒவ்வொரு 5 தையலையும் 6 ஆக்கிக்கொண்டே போனால், 20-இல் தொடங்கிய வரிசை பத்தாவது வரிசையில் 100-ஐத் தாண்டும். இருபதாவதில் 600-ஐத் தாண்டும். துறைமுகக் கயிற்றின் பிடிப்பைப் போலவே இதுவும் மடங்கு மடங்காகப் பெருகும். அத்தனை தையலும் தட்டையாகப் படுக்க இடம் ஏது? துணி அலையலையாக மடிந்து சுருக்குச் சுருக்காக எழும்பும். கோழிக்கொண்டைப் பூவின் விளிம்பு அப்படித்தான். பவளத்திட்டுகளின் மடிப்புகள் பலவும் அப்படித்தான்.

இந்தச் சுருக்கத்துக்குப் பெரிய வரலாறு உண்டு. ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக, அந்தக் கோட்டுக்கு ஓர் இணைகோடுதான் வரைய முடியும் என்பது யூக்ளிட் வடிவியலின் அடிப்படை. அதை மற்ற விதிகளிலிருந்து நிறுவப் பார்த்து, இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பலர் தோற்றார்கள். ரஷ்யாவின் லோபசேவ்ஸ்கி 1829-இலும், ஹங்கேரியின் போயாய் 1832-இலும், பல இணைகோடுகள் உள்ள வேறொரு வடிவியல் சாத்தியம் என்று எழுதினார்கள். அதிபரவளைய வடிவியல் என்று அதற்குப் பெயர். இப்படி அலையலையாக மடியும் பரப்பில்தான் அது பொருந்தும். தாளில் எழுதலாம், கையில் எடுத்துப் பார்ப்பது எப்படி? கணிதவியலர் வில்லியம் தர்ஸ்டன் காகித வளையங்களை ஒட்டி ஒரு மாதிரி செய்யும் வழி சொன்னார். அது எளிதில் கிழிந்தது.

1997-இல், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த தாய்னா தாய்மினா அந்தக் காகித மாதிரியைப் பார்த்தார். லாட்வியா நாட்டுக்காரர், சிறுவயதிலேயே பின்னல் பழகியவர். முதலில் நீண்ட ஊசிகளால் பின்னிப் பார்த்தார். வரிசைக்கு வரிசை கண்ணிகள் பெருகி, ஊசியில் தாங்க முடியாமல் போயிற்று. குரோஷா ஊசியை எடுத்தார். திறந்திருப்பது ஒரே கண்ணி என்பதால் வரிசை எவ்வளவு நீண்டாலும் கவலை இல்லை. வந்த சுருக்குத் துணியை மடித்துக் கோடுகள் எடுத்து, வேறு நிற நூலால் தைத்தும் காட்டினார்: ஒரே புள்ளி வழியாகப் போகும் பல கோடுகள், எதிரே உள்ள கோட்டை எங்குமே தொடாமல். 2005-இல் லாஸ் ஏஞ்சலஸில் மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் சகோதரிகள் இதே உத்தியால் ஒரு பவளத்திட்டையே பின்னத் தொடங்கினார்கள்.

ஆக, குறைத்தால் முக்கோணம், கூட்டினால் பவளம். இரண்டுக்கும் நடுவில், ஒன்று கூடாமலும் குறையாமலும் வரிசைதோறும் 20 வந்தால்தான் மஃப்ளர். நேரான பட்டை எளிது என்று நினைத்தவனுக்கு, நேராக இருப்பதும் ஓர் எண்ணிக்கைதான் என்று புரிந்தது.

கோணல் மஃப்ளரின் கடைசிக் கண்ணியை உருவி நூலை இழுத்தேன். 40 வரிசையும் பிரிந்து மடியில் குவிந்தது. அதே நூலில் மறுபடி தொடங்கினேன். இந்த முறை ஒவ்வொரு வரிசையிலும் முதல் தையலிலும் கடைசித் தையலிலும் அடையாளத்துக்கு ஓர் ஊக்கு. அப்பா இப்போது அதைச் சுற்றிக்கொண்டுதான் பால் வாங்கப் போகிறார், துண்டுக்கு மேலே.