வெள்ளம் வடிந்த வீட்டில் ஒரு வாரம்

2023 டிசம்பர் 17 ஞாயிறு இரவு ராஜபாளையத்திலும் நல்ல மழை. மறுநாள் காலையில்தான் தாமிரபரணிக் கரையில் நடந்தது தெரிந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்வதைவிட அதிகம். என் அக்கா வீடு ஏரலில் இருக்கிறது. மூன்று நாள் தொலைபேசி கிடைக்கவில்லை.

அரையாண்டு விடுமுறை தொடங்கியதும், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து வந்து எங்கள் பள்ளியில் பணியாற்றும் அறிவியல் ஆசிரியரும் நானும் கிளம்பினோம். மண்வெட்டி, வாளி, ரப்பர் பூட்ஸ், பிளீச்சிங் பவுடர், சத்திரப்பட்டியில் வாங்கிய பேண்டேஜ் துணி ஒரு கட்டு. நண்பர் ஒரு கிலோ பால்கோவாவும் எடுத்துக்கொண்டார். இந்த நேரத்தில் இதுவா என்று நினைத்தேன். அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு அன்று அதுதான் பண்டம்.

சுவரில் மார்பளவு உயரத்தில் சேற்றுக்கோடு. அத்தான் உள்ளே போய் ஃபேனைப் போடப் போனார். நண்பர் கையைப் பிடித்து நிறுத்தினார். சுவிட்சுப் பெட்டிக்குள் சேறு இருக்கும். மெயினை அணைத்து, எலக்ட்ரீசியன் பார்க்கும்வரை எதையும் தொடக்கூடாது. பீரோவுக்கு அடியில் கை விடுவதற்கு முன் கம்பால் தட்டிப் பார்த்தோம், பாம்பு பயம். காலில் புண்ணோ கீறலோ இருந்தால் அந்தச் சேற்றில் வெறுங்காலோடு இறங்கக்கூடாது. எலியின் சிறுநீர் கலந்த நீர் வழியாகத்தான் எலிக்காய்ச்சல் வருகிறது.

வண்டலை ஈரமாக இருக்கும்போதே வழித்துவிட வேண்டும்; காய்ந்தால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மேலிருந்து கீழாகக் கழுவி, சோப்புப் போட்டுத் தேய்த்து, அதன் பிறகுதான் பிளீச்சிங் பவுடர். பலர் சேற்றின் மேலேயே பவுடரைத் தூவுகிறார்கள். சேற்றில் உள்ள அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். கிருமிக்கு ஒன்றும் மிஞ்சாது. லிட்டருக்கு 30 கிராம் கலக்கி, தெளிந்த நீரைத் தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டோம். பக்கத்து வீட்டில் அதோடு கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றப் போனார்கள். அமிலம் பட்டால் அதிலிருந்து குளோரின் வாயு வெளியேறும். மூடிய அறையில் மூச்சு நின்றுபோகும். வேதியியல் பாடத்தில் எழுதிப் போடும் சமன்பாடு, அன்று ஓடிப்போய்த் தடுக்க வேண்டிய விஷயமாக இருந்தது.

அடுத்தது உறைக்கிணறு. சுற்றிலும் மண் ஊறிக் கிடக்கும்போது மோட்டார் வைத்து ஒரேயடியாக இறைத்தால் உறை சரியலாம். கொஞ்சம் கொஞ்சமாக இறைத்தோம். அத்தான் ஒரு கிலோ பவுடரை அப்படியே கொட்டத் தயாராக நின்றார். நான் கணக்கு வாத்தியார், கயிற்றால் அளந்தேன். விட்டம் 1.5 மீட்டர், நீரின் ஆழம் 4 மீட்டர். உருளையின் கன அளவு ஏறத்தாழ 7 கன மீட்டர், அதாவது 7,000 லிட்டர். வழக்கமாக 1,000 லிட்டருக்கு 2.5 கிராம், வெள்ளத்துக்குப் பிறகு இரு மடங்கு. ஆக 35 கிராம் போதும். அதை வாளியில் குழைத்து, நீர் சேர்த்துத் தெளியவிட்டு, தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளியில் இறக்கிக் கலக்கினோம். ஒரு மணி நேரம் கழித்தே இறைக்கலாம். குடிக்க அப்போதும் கொதிக்க வைத்த நீர்தான்.

நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். மருமகன் பத்தாம் வகுப்பு. அவன் நோட்டுகளின் தாள்களுக்கு நடுவே பேண்டேஜ் துணியை வைத்து, துணியை மாற்றி மாற்றி, நிழலில் காற்றாட உலர்த்தினோம். பந்துமுனைப் பேனாவால் எழுதியவை தப்பின. மைப்பேனா எழுத்து கரைந்துபோனது. ஆனால் அக்காவின் கல்யாண ஆல்பத்தை மட்டும் சீக்கிரம் காயட்டும் என்று மொட்டைமாடியில் வெயிலில் வைத்துவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் படங்கள் மேலுறையோடு ஒட்டிப்போயிருந்தன. பிரித்தால் உருவங்கள் உரிந்து வந்தன. ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொன்றாகப் பிரித்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் பரப்பியிருக்க வேண்டும். அப்பா இருந்த படங்கள் அவை. அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

"தம்பி, பொங்கலுக்குள்ள வெள்ளையடிச்சிரணும்" என்றாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பார்க்கச் சுவர் காய்ந்திருக்கும். ஈரம் செங்கல்லுக்குள் இருக்கும். அது வெளியேறும்போது கரைந்த உப்பையும் கொண்டுவந்து சுவரின் முகத்தில் விட்டுச்செல்லும். மேலே பெயிண்ட் இருந்தால் அதையும் தள்ளிக்கொண்டு வரும். சுவரில் ஒரு பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் ஒட்டி ஒருநாள் விட்டுப் பார்க்கலாம். உட்புறம் நீர் முத்துகள் தெரிந்தால் இன்னும் காயவில்லை. பொங்கலுக்கு அடித்த வண்ணம் மார்ச்சில் செதில் செதிலாக உதிர்ந்தது. கோடையில் சுரண்டி மறுபடி அடித்தார்கள்.

ஜனவரியில் பத்தாம் வகுப்பில் அளவியலைத் திருப்புதல் செய்யும்போது அந்தக் கிணற்றையே கணக்காகக் கொடுத்தேன். அவரவர் வீட்டுக் கிணற்றை, பெரியவர்கள் துணையோடு, கயிறு கட்டி அளந்து வரச் சொன்னேன். மறுநாள் ஒரு மாணவி எழுந்து, "சார், எங்க தோட்டத்துக் கிணறு சதுரம். அதுக்கு எத்தனை கிராம்?" என்றாள்.