நீரடிமுத்து எண்ணெய்

விதையெண்ணெய்களில் பெரும்பாலானவை கிளிசரால் என்னும் சிறு மூலக்கூறோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் பிணைந்த முக்கிளிசரைடுகளாலேயே பெரிதும் ஆனவை என்பதால், நல்லெண்ணெய்க்கும் தேங்காயெண்ணெய்க்கும் உள்ள வேறுபாடு அவ்வமிலச் சங்கிலிகளின் நீளத்திலும், அவற்றிலுள்ள இரட்டைப் பிணைப்புகளின் எண்ணிக்கையிலும் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் ஓடைக்கரைகளில் வளரும் நீரடிமுத்து மரத்தின் எண்ணெயோ இப்பொதுவிதிக்குள் அடங்குவதில்லை. அதிலுள்ள ஹிட்னோகார்பிக் அமிலம் 16 கார்பன் அணுக்களையும் சால்மூக்ரிக் அமிலம் 18 கார்பன் அணுக்களையும் கொண்டவை. இவற்றின் சங்கிலி நேராக ஓடி முடியாமல், வால்முனையில் ஐந்து கார்பன்களாலான வளையமாக மூடிக்கொள்கிறது. ஒரே தளத்தில் அதிரும் ஒளியை இவ்வெண்ணெய் வலப்புறமாகத் திருப்புவதும் இவ்வளைய அமைப்பினால்தான். சமையல் எண்ணெய்களில் ஏறத்தாழக் காணப்படாத இப்பண்பு, எண்ணெயின் தூய்மையை அறியும் சோதனையாகவும் பயன்பட்டது.

சித்த மருத்துவம் தோல்நோய்களுக்கு நெடுங்காலமாகப் பயன்படுத்திவந்த இவ்வெண்ணெயும், பர்மா, வங்கப் பகுதிகளில் சால்மூக்ரா எனப்பட்ட இதன் உறவு மரத்தின் எண்ணெயும், 19ஆம் நூற்றாண்டில் மேலை மருத்துவத்தில் தொழுநோய்க்கு மருந்தாயின. ஆயினும் உட்கொண்டால் குமட்டலும் வாந்தியும் வந்தன. ஊசிவழி செலுத்தினாலோ குழகுழப்பான எண்ணெய் உடலில் பரவாமல் தோலடியில் கட்டியாகத் தங்கிக் கடும் வலி தந்தது. இத்தடையை நீக்கியவர், ஹவாய்க் கல்லூரியில் 1915இல் முதுகலைப் பட்டம் பெற்ற முதல் பெண்ணும் கறுப்பினத்தவருமான ஆலிஸ் பால் என்னும் வேதியியலாளர். எண்ணெயிலிருந்து கொழுப்பு அமிலங்களைப் பிரித்து, அவற்றை எத்தில் எஸ்டர்களாக, அதாவது ஆல்கஹாலுடன் இணைந்த, குழகுழப்புக் குறைந்த சேர்மங்களாக, அவர் மாற்றியதால், மருந்து ஊசிக்குள் எளிதாகச் சென்று உடலிலும் பரவியது. 1916இன் இறுதி நாளில், 24 வயதில், அவர் இறந்தபின் அக்கல்லூரியின் தலைவர் ஆர்தர் டீன் அவர் பெயரைக் குறிப்பிடாமலேயே அம்முறையை வெளியிட்டது பெரும் அநீதி. 1922இல் மருத்துவர் ஹாரி ஹால்மன் அதனைப் 'பால் முறை' என்றழைத்து உரிமையை ஓரளவு மீட்டளித்தார்.

வளைய அமிலங்கள் தொழுநோய்க் கிருமியின் பேரினத்தைச் சேர்ந்த மைக்கோபாக்டீரியங்களின் வளர்ச்சியை ஆய்வகத்தில் தடுத்தன என்பது உண்மையே. ஆயினும் சிகிச்சை பெற்றோர் பலருக்கு நோய் மீண்டும் தலைகாட்டியதால், 1940களில் சல்ஃபோன் மருந்துகள் வந்ததும் எண்ணெய் பின்வாங்கியது. விதையில் நச்சுப்பொருள்களும் இருப்பதால், இதனைத் தாமாக உட்கொள்வது தீங்கானது. இன்று தொழுநோயைக் குணப்படுத்துவது ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் ஆகியவை அடங்கிய கூட்டுமருந்துச் சிகிச்சையே. அது அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது.