தொடக்கப் பொருள் தரும் ஆங்கிலத் தொடர்வினைகளும் தமிழ் வினைகளும்: வட சிலாங்கூர் வகுப்பறையை முன்வைத்து ஒரு விளக்கம்

1. முன்னுரை

ஒரு செயலோ நிகழ்ச்சியோ தொடங்குவதைக் குறிக்க ஆங்கிலத்தில் 'பிகின்', 'ஸ்டார்ட்' என்னும் தனிவினைகள் உள்ளன. இவற்றோடு 'செட் அவுட்', 'செட் ஆஃப்', 'செட் இன்', 'செட் அப்', 'ப்ரேக் அவுட்', 'டேக் அப்', 'டேக் ஆஃப்', 'கெட் டவுன் டு' முதலான தொடர்களும் அதே பொருட்பரப்பில் வழங்குகின்றன. வினைச்சொல் ஒன்றும் அதனை அடுத்து வரும் சிறுசொல்லும் இணைந்து ஒருபொருள் தருவதால் இவற்றைத் தொடர்வினைகள் என்றும், அச்சிறுசொல்லை ஒட்டுச்சொல் என்றும் இக்கட்டுரை குறிப்பிடுகின்றது. 'ஃப்ரேசல் வெர்ப்' என்னும் ஆங்கிலக் கலைச்சொல் லோகன் பியர்சால் ஸ்மித் 1925இல் வெளியிட்ட நூலின்வழிப் பரவியதாகும்.

தொடர்வினைகள் தமிழ் மாணவருக்கு முற்றிலும் அயலானவை என்றும், மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை என்றும் பொதுவாகக் கருதப்படுகின்றது. இக்கருத்து மறு ஆய்வுக்குரியது. தொடக்கத்தின் வகைகளை வேறுபடுத்திக் காட்டும் வினைவளம் தமிழிலும் உண்டு. அவ்வளத்தை மாணவர் தமிழ் வகுப்பிலேயே பெற்றுவிட்டால் ஆங்கிலத் தொடர்வினைகளின் பொருளை உணர்வது எளிதாகும் என்பதை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. களமும் சிக்கலும்

சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியில், சபாக் பெர்ணம் மாவட்டத்தில் உள்ளது சுங்கை ஆயர் தாவார். அங்கிருந்து தெற்கே கோல சிலாங்கூர் வரை தென்னையும் செம்பனையும் நிறைந்த தோட்டப்புறங்கள் பரவியுள்ளன. இவ்வட்டாரத்துத் தமிழ் மாணவர் வீட்டில் தமிழும் அண்டை அயலாரிடம் மலாயும் பேசுகின்றார். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்றபின் மலாயைப் பயிற்றுமொழியாகக் கொண்ட இடைநிலைப்பள்ளியில் சேர்கின்றார். ஆங்கிலம் அவருக்குப் பெரும்பாலும் ஒரு பாடமாகவே அறிமுகமாகின்றது. தொடர்வினைகளோ அன்றாடப் பேச்சில் புழங்கி வளர்பவை. பேச்சில் கேட்டறிய வேண்டியவற்றை நூலில் படித்தறிய வேண்டிய நிலை இம்மாணவர்க்கு ஏற்படுகின்றது.

இந்நிலையில் பட்டியலின் இடப்புறம் ஆங்கிலத் தொடரும் வலப்புறம் 'தொடங்கு' என்னும் ஒரே தமிழ்ச் சொல்லும் தரப்பட்டால் என்ன நேரும்? எட்டுத் தொடர்களுக்கும் பொருள் ஒன்றே என்றால், 'ஸ்டார்ட்' என்னும் எளிய சொல்லே போதும் என்று மாணவர் முடிவு செய்துவிடுவார். அம்முடிவில் தருக்கப் பிழை இல்லை. குறை நாம் தரும் பொருள்விளக்கத்தில்தான் உள்ளது.

தாய்மொழியில் இத்தகைய அமைப்பு இல்லாதவர்கள் தொடர்வினைகளைத் தவிர்த்துத் தனிவினைகளையே நாடும் போக்கினை, ஈப்ரு மொழி பேசும் மாணவர்களிடம் டகுட், லாஃபர் ஆகிய இருவரும் 1985இல் எடுத்துக்காட்டினர். பின்னர், தம் தாய்மொழியிலேயே தொடர்வினைகளைக் கொண்ட டச்சு மாணவர்களை ஹுல்ஸ்டைன், மார்ச்சேனா ஆகியோர் 1989இல் ஆராய்ந்தனர். அமைப்பு ஒற்றுமை இருந்தும், மரபுத்தொடர்போல் பொருள் மறைந்து நிற்கும் தொடர்வினைகளை அம்மாணவர்களும் தவிர்க்க முற்பட்டனர். ஆகவே அமைப்பு வேறுபாட்டோடு பொருளின் தெளிவின்மையும் தவிர்ப்புக்குக் காரணமாகின்றது. தமிழாசிரியர் உதவக்கூடிய இடம் இதுவேயாகும்.

3. திசைச்சுட்டும் தொடக்கமும்

ஒட்டுச்சொற்களிற் பல அடிப்படையில் இடத்தையும் திசையையும் சுட்டுவன. 'அவுட்' என்பது வெளி. 'அப்' என்பது மேல். 'டவுன்' என்பது கீழ். 'இன்' என்பது உள். தமிழிலும் திசையைக் கொண்டு தொடக்கத்தைக் குறிக்கும் வினைகள் உள்ளன. அவை நெடுங்காலமாக ஒரு சொல்லாக இறுகிவிட்டமையால் அவற்றின் உறுப்புகளை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

'புறப்படு' என்பதனைப் பிரித்தால் 'புறம்' என்பதும் 'படு' என்பதும் கிடைக்கின்றன. புறம் என்பது வெளி. பயணம் தொடங்குவதைக் குறிக்கும் 'செட் அவுட்' என்னும் தொடரிலும் வெளியைச் சுட்டும் சொல்லே நிற்கின்றது. 'மேற்கொள்' என்பதில் 'மேல்' என்பதும் 'கொள்' என்பதும் உள்ளன. புதிய பணியையோ பயிற்சியையோ ஏற்றுத் தொடங்குவதைக் குறிக்கும் 'டேக் அப்' என்பதில் 'டேக்' என்பது கொள்ளுதல், 'அப்' என்பது மேல். உறுப்புக்கு உறுப்பு பொருந்தும் இணை இது. 'வேலையில் இறங்கினான்' என்பதில் வரும் இறங்குதலும் 'கெட் டவுன் டு' என்பதில் வரும் 'டவுன்' என்பதும் கீழ்நோக்கிய திசையையே சுட்டுகின்றன.

வேறுபாடு சொல்வரிசையில் உள்ளது. தமிழில் திசைச்சொல் வினைக்கு முன் வந்து அதனோடு புணர்ந்து ஒரு சொல்லாகின்றது. ஆங்கிலத்தில் அது வினைக்குப் பின் தனித்து நிற்கின்றது. இவ்விரு வரிசைகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்டினால், தொடர்வினை என்பது தம் மொழி அறியாத விந்தையன்று என்பதை மாணவர் கண்டுகொள்வர்.

உறுப்புகளின் நேர்ப்பொருளைக் கடந்து தொடக்கப்பொருள் பிறப்பதும் தமிழுக்குப் புதிதன்று. பழந்தமிழில் 'கால்கொள்' என்பது தொடங்குதலைக் குறித்தது. சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தில் உள்ள கால்கோட் காதையின் பெயரே இதற்குச் சான்றாகும். 'பிள்ளையார் சுழி போடு' என்னும் வழக்கும் இவ்வகையினதே.

4. தொடங்குவது எது?

தொடங்கும் பொருளின் இயல்புக்கேற்ப வினை மாறுவது இரு மொழிக்கும் பொதுவான மற்றொரு தன்மையாகும். பின்வரும் மூன்று இணைகள் இதனை விளக்கும்.

முதலாவது, 'ப்ரேக் அவுட்'. போர், தீ, கலவரம், கொள்ளைநோய் ஆகியவை திடீரெனத் தோன்றிப் பரவுவதை இது குறிக்கும். விழாவோ வகுப்போ தொடங்குவதற்கு இதனைப் பயன்படுத்த இயலாது. தமிழில் போர் 'மூண்டது' என்கின்றோம். கலவரம் 'வெடித்தது' என்கின்றோம். பள்ளி விளையாட்டுப் போட்டி மூண்டது என்று எவரும் எழுதுவதில்லை. அவ்வாறு எழுதினால் ஏன் சிரிப்பு வருகின்றது என்று வினவினாலே 'ப்ரேக் அவுட்' என்பதன் பொருளெல்லை புலனாகிவிடும்.

இரண்டாவது, 'செட் இன்'. விரும்பத்தகாத ஒன்று தொடங்கி, எளிதில் விலகாது நிலைக்கும் என்ற குறிப்பை இது தருகின்றது. மழைக்காலம், அழுகல், சோர்வு, நோய்த்தொற்று ஆகியவற்றோடு இது வரும். இதற்கு நெருக்கமான தமிழ் வினை 'பிடி' என்பதாகும். அடைமழை பிடித்துக்கொண்டது, இரும்பில் துரு பிடித்தது, புண்ணில் சீழ் பிடித்தது என்னும் வழக்குகளை நோக்குக. 'மழை தொடங்கியது' என்பதற்கும் 'மழை பிடித்துக்கொண்டது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை, மழையால் வேலை நின்றுபோன தோட்டத் தொழிலாளியின் வீட்டுப் பிள்ளைக்கு விளக்கவேண்டிய தேவையே இராது. பிடித்தது எளிதில் விடாது என்னும் அவ்வுணர்வே 'செட் இன்' என்பதன் உட்பொருள்.

மூன்றாவது, 'டேக் ஆஃப்'. விமானம் தரையை விட்டு எழுவதைக் குறிக்கும் இத்தொடர், ஒரு தொழிலோ முயற்சியோ விரைந்து வளரத் தொடங்குவதையும் குறிக்கும். வியாபாரம் 'சூடுபிடித்தது' என்பது இதற்கு இணையான தமிழ் வழக்கு. ஆங்கிலம் பறத்தலையும் தமிழ் வெப்பத்தையும் உருவகமாகக் கொண்டன. உருவகம் வேறு, உணர்த்தும் பொருள் ஏறத்தாழ ஒன்று.

தோட்டத்துறை வழக்கிலும் இத்தகைய இணை உண்டு. செம்பனை, நட்ட ஏறத்தாழ 30 மாதங்களில் பலன் தரத் தொடங்கும். ஆங்கிலத்தில் இதனைக் 'கம் இன்டு பேரிங்' என்பர். தமிழில் மரம் 'காய்ப்புக்கு வந்தது' என்கின்றோம். இலக்கணத்தார் இதனைத் தொடர்வினையாகக் கொள்ளாவிடினும், வருதல் என்னும் வினை இரு மொழியிலும் தொடக்கத்தைக் குறித்து நிற்பது கருதத்தக்கது.

5. தன்வினை, பிறவினை

'செட் ஆஃப்' என்னும் தொடருக்கு இரு பயன்பாடுகள் உண்டு. செயப்படுபொருள் இன்றி வரும்போது பயணம் கிளம்புவதையும், செயப்படுபொருளோடு வரும்போது அச்சம், சண்டை, எச்சரிக்கை மணி போன்றவற்றைத் தூண்டிவிடுவதையும் குறிக்கும். தொடர்பற்றனபோல் தோன்றும் இவ்விரு பொருள்களையும் தமிழ் ஒரே வேரில் இணைத்துக் காட்டுகின்றது. முன்னது 'கிளம்பு', பின்னது 'கிளப்பு'. காலையில் கிளம்பினார், பீதியைக் கிளப்பினார். மூள், மூட்டு என்பதும் இத்தகைய இணையே.

மலாயில் இவ்வேறுபாடு ஒட்டுகளால் உணர்த்தப்படுகின்றது. கூட்டம் தானே தொடங்குவதற்கு 'பெர்மூலா' என்றும், ஒருவர் அதனைத் தொடங்குவதற்கு 'மெமூலாக்கான்' என்றும் வரும். நம் மாணவர் இம்மூன்று மொழிகளையும் நாள்தோறும் கேட்பவர் அல்லது படிப்பவர் ஆதலின், 'செட் ஆஃப்' என்பதில் வடிவம் மாறாதிருப்பினும் பொருள் மாறுவதை மும்மொழி ஒப்பீட்டால் விளக்கலாம்.

6. துணைவினையின் பங்கு

'தொடங்கு' என்னும் வினையே துணைவினை ஏற்கும்போது பலவாறு விரிகின்றது. அமைச்சர் விழாவைத் 'தொடங்கிவைத்தார்' என்றால் பிறர் தொடர்ந்து நடத்துவதற்காகச் செய்தார் என்பது பொருள். மழை 'தொடங்கிவிட்டது' என்றால் செயல் உறுதிப்பட்டு நிற்கின்றது. கடை 'தொடங்கிப் பார்த்தார்' என்றால் முயற்சியின் விளைவு உறுதியில்லை. வினையின் நோக்கு, முடிவு, மனப்பாங்கு ஆகியவற்றைத் தமிழ்த் துணைவினைகள் உணர்த்துவதை இ. அண்ணாமலை போன்ற மொழியியலாளர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். 1992இல் முதற்பதிப்பாக வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் துணைவினைப் பயன்பாட்டைத் தனித்துக் காட்டுகின்றது. ஆங்கில ஒட்டுச்சொல்லும் தமிழ்த் துணைவினையும் இலக்கண வகையால் வேறுபட்டவை. எனினும் தலைமை வினையின் பின் நின்று அதன் பொருளைச் செறிவாக்கும் பணியில் அவை ஒப்புமை உடையன.

7. பொருந்தா இடங்கள்

ஒப்பீடு எல்லை கடந்தால் பிழைக்கு வித்திடும். 'செட் அப்' என்பதற்கு 'நிறுவு' என்பது பொருந்தும். ஆனால் ஆங்கிலத்தில் செயப்படுபொருள் பதிலிப்பெயராயின் 'செட் இட் அப்' என இடையில் வரவேண்டும். தமிழ் வினையை அவ்வாறு பிளக்க இயலாது. நெடுநாள் ஒத்திவைத்த ஒன்றை ஒருவழியாகச் செய்ய முற்படுவதைக் குறிக்கும் 'கெட் ரவுண்ட் டு' என்பதற்குத் தமிழில் ஒற்றை வினை காண்பதரிது, தொடராலேயே விளக்கவேண்டும்.

பிறமொழித் தாக்கத்தையும் கருதவேண்டும். மலாயில் விளக்கை எரியவிடுவதற்குத் திறத்தலைக் குறிக்கும் 'புக்கா' என்னும் வினை வழங்குகின்றது. மலேசிய ஆங்கிலப் பேச்சில் கேட்கும் 'ஓப்பன் தி லைட்' என்பது இதனோடு ஒத்துச் செல்வது. தமிழிலோ விளக்கைப் 'போடு' என்கின்றோம். ஆங்கிலத்தில் ஏற்புடைய தொடர்களுள் ஒன்றான 'புட் ஆன்' என்பதற்கு அருகில் நிற்பது தமிழ் வழக்கே. தாய்மொழித் தாக்கம் என்றாலே பிழை என்று கொள்வது பொருந்தாது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

8. கற்பித்தலுக்குச் சில குறிப்புகள்

முதலில், தொடர்வினையைத் தராமல் சூழலைத் தமிழில் தருதல் வேண்டும். 'தீ', 'மழை', 'பயணம்', 'புதிய பணி', 'கடை' ஆகியவை தொடங்குவதைத் 'தொடங்கு', 'ஆரம்பி' என்னும் சொற்களைத் தவிர்த்து எழுதுமாறு மாணவரைப் பணிக்கலாம். பற்றியது, பிடித்தது, புறப்பட்டார், மேற்கொண்டார், போட்டார் என விடைகள் வரும். அதன்பின் ஒவ்வொன்றுக்கும் உரிய ஆங்கிலத் தொடரை இணைக்கலாம். இறுதியாக, ஒன்றற்குரிய வினையை மற்றொன்றோடு மாற்றி அமைத்து, பொருந்தாமையை மாணவரே கண்டறியச் செய்யலாம்.

ஒரே வேளையில் நெடும்பட்டியலைக் கற்பிக்கத் தேவையில்லை. பிரிட்டிசு தேசியத் தரவகத்தை ஆராய்ந்த கார்ட்னர், டேவிஸ் ஆகியோர், 20 வினைகள் 8 ஒட்டுச்சொற்களோடு சேர்ந்தே அத்தரவகத்துத் தொடர்வினை ஆட்சிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றைத் தருவதை 2007இல் காட்டினர். சிலவற்றை ஆழக் கற்பிப்பதே பயன் தரும்.

9. முடிவுரை

மலேசியாவில் 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கின. அத்திட்டம் 2012 முதல் படிப்படியாகக் கைவிடப்பட்டது. 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் அறிமுகமானது. இவற்றையொட்டி எழுந்த விவாதங்கள் பெரும்பாலும் எப்பாடத்தை எம்மொழியில் கற்பிப்பது என்பதைப் பற்றியனவாகவே இருந்தன. ஒரு மொழியில் பெற்ற நுட்பம் மற்றொரு மொழிக்கு எவ்வாறு துணையாகும் என்னும் வினாவும் அதே அளவு கருதத்தக்கது.

எல்லாவற்றையும் 'ஆரம்பித்தது' என்றே எழுதப் பழகிய மாணவருக்கு, மூண்டதும் பிடித்ததும் சூடுபிடித்ததும் ஒன்றே. அவருக்கு 'ப்ரேக் அவுட்', 'செட் இன்', 'டேக் ஆஃப்' என்னும் வேறுபாடு தேவையற்ற சுமையாகவே தோன்றும். மாறாக, அடைமழை பிடித்துக்கொள்வதையும் மரம் காய்ப்புக்கு வருவதையும் வீட்டில் கேட்டு வளரும் தோட்டப்புறப் பிள்ளை இவ்வேறுபாடுகளை ஏற்கெனவே அறிந்திருக்கின்றது. தோட்ட வாழ்வு குறையக் குறைய இவ்வழக்குகளும் நாவில் குறையக்கூடும். அவற்றைக் கட்டுரை ஏட்டிலும் இடம்பெறச் செய்வது தமிழாசிரியரின் கடன். அதனால் தமிழ் வளம் பெறுவதோடு, அடுத்த பாடவேளையில் வகுப்பிற்குள் நுழையும் ஆங்கில ஆசிரியரின் பணியும் பாதி முடிந்திருக்கும்.