ஆண் யானையின் வரவு செலவுக் கணக்கு

கேழ்வரகு கதிர் முற்றும் காலத்தில், சத்தியமங்கலம், சாமராஜநகர் மலையடிவாரச் சிற்றூர்களில் உழவர் பலர் வீட்டில் உறங்குவதில்லை. வயலோரத்து மரத்தில் பரண் கட்டி, தீப்பந்தமும் பட்டாசும் தகர டப்பாவும் வைத்துக்கொண்டு விடியும்வரை காவல் இருப்பர். விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் முழுவதும் அங்கே கதிராக நிற்கிறது. ஒரு யானை ஓரிரவு இறங்கினால் போதும். மேய்ந்ததும் மிதிபட்டதுமாக ஆண்டு வருவாயில் பெரும்பகுதி போய்விடும். அவ்வாறு அடிக்கடி இறங்குவது ஆண் யானையே என்பது அவ்வூர் மக்கள் அறிந்த செய்திதான். அது ஏன் என்ற கேள்விக்கு எண்களின் துணையோடு விடை தேடியவர் பேராசிரியர் இராமன் சுகுமார்.

சுகுமார் 1955-இல் சென்னையில் பிறந்தவர். காட்டின்மீது அவருக்கிருந்த ஈடுபாட்டைக் கண்டு, இளமையிலேயே பாட்டி இட்ட செல்லப்பெயர் ‘வனவாசி’. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில், சூழலியல் அறிஞர் மாதவ் காட்கிலின் வழிகாட்டுதலில் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்ட அவர், 1980-களின் தொடக்கத்தில் தமிழகமும் கர்நாடகமும் சந்திக்கும் இம்மலைக் காடுகளில் யானைகளைப் பின்தொடரலானார். ஆசிய யானையைப் பற்றி அதுவரை எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி வேட்டைக்காரர்களின் நினைவுக் குறிப்புகளும் முகாம் யானைகளைப் பழக்கியோரின் அனுபவங்களுமே. காட்டு யானை எதை உண்கிறது, எவ்வளவு உண்கிறது, எந்த மாதத்தில் எங்கே நிற்கிறது என்பவற்றை நாள்தோறும் பார்த்துக் குறித்துவைக்கும் வேலை பெரிதும் எஞ்சியிருந்தது.

காதின் மடிப்பும் கிழிசலும், கொம்பின் வளைவும், வாலின் நீளமும் யானைக்கு யானை வேறுபடும். இவற்றை அடையாளமாகக் கொண்டு தனித்தனி யானைகளை இனங்காண முடியும். யானையின் தோள் உயரம் முன்காலடிச் சுற்றளவின் ஏறத்தாழ இரு மடங்கு என்பது பாகர்கள் காலங்காலமாக அறிந்த கணக்கு. யானையைக் காணாதபோதும் ஈரமண்ணில் பதிந்த தடம் அதன் உருவத்தைச் சொல்லிவிடும். சுகுமாரின் ஆய்வுப் பகுதியில் யானைகள் குறைந்தது 112 வகைத் தாவரங்களை உண்டன. ஆயினும் உணவின் பெரும்பகுதி ஏறக்குறைய 25 வகைகளிலிருந்தே கிடைத்தது. மழைக்காலத்தில் இளம் புல்லும், கோடையில் இலையும் பட்டையும் மிகுதி. இறந்த யானைகளின் எலும்பிலுள்ள கரிம ஐசோடோப்புகளையும் அவர் ஆராய்ந்தார். வெப்பமண்டலப் புற்களும் மரஞ்செடிகளும் கரியமில வாயுவை வெவ்வேறு முறைகளில் ஈர்ப்பதால், அவற்றை உண்ட விலங்கின் எலும்பில் அந்த வேறுபாடு தங்கிவிடுகிறது. யானை வாழ்நாளில் எதை உண்டு உடல் வளர்த்தது என்பதற்கு அது ஒரு கணக்கேடு போன்றது.

பயிர் மேய்ச்சலைப் பற்றிய கணக்கே நம் கேள்விக்கு வெளிச்சம் தருவது. வளர்ந்த ஆண் யானை ஒன்று ஆண்டுக்குச் சராசரியாக 49 இரவுகள் வயலில் இறங்கியது. பெண் யானைக் கூட்டங்களைச் சேர்ந்த யானைக்கு அது 8 இரவுகள் மட்டுமே. ஆணின் ஆண்டு உணவில் 9 விழுக்காட்டுக்கு மேல் பயிர்களிலிருந்து வந்தது. பெண்ணுக்கு அது 2 விழுக்காட்டையும் எட்டவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, பெரும்பாலான ஊர்களில் கேழ்வரகு நிற்கும்போது, சில ஊர்களில் யானைகள் ஏறத்தாழ ஒவ்வோர் இரவும் இறங்கின.

காட்டில் தீனி இல்லாததால்தான் யானை ஊருக்குள் வருகிறது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். காடு சுருங்கியதும் வழித்தடங்கள் அறுபட்டதும் உண்மையே. ஆனால் அது மட்டுமே காரணமானால், கன்றுக்குப் பாலூட்டும் பெண் யானையல்லவா முதலில் வயலுக்கு வரவேண்டும்? சுகுமாரும் காட்கிலும் 1988-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்த ஆண்–பெண் வேறுபாட்டையே ஆராய்ந்தது. நெல், கேழ்வரகு போன்ற பயிர்களில் காட்டுப் புல்லைவிடப் புரதமும் கால்சியமும் சோடியமும் கூடுதல். குறைந்த நேரத்தில் நிறைந்த சத்து கிடைக்கிறது. அதே வேளையில் துப்பாக்கி, பள்ளம், முறைகேடாக மின்சாரம் பாய்ச்சிய கம்பி என உயிருக்கு ஆபத்தும் அங்கேதான். முதலீடு குறித்துச் சிந்திக்கும் நம் வாசகர்களுக்குப் பழகிய சொற்களில் கூறினால், இடரும் மிகுதி, ஈட்டமும் மிகுதி.

இந்த இடரை ஏற்பதால் இருபாலாருக்கும் கிடைக்கும் பயன் ஒன்றல்ல. பெண் யானை எவ்வளவு நன்றாக உண்டாலும், 20 முதல் 22 மாதங்கள் வரை சூல் சுமந்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு கன்றையே ஈனும். அது இறந்தால் பால் குடிக்கும் கன்றும் பெரும்பாலும் பிழைக்காது. அதற்கு நிதானமே இலாபம். ஆணின் நிலை வேறு. பத்துப் பதினைந்து வயதில் தாய்க் கூட்டத்தைவிட்டுப் பிரியும் ஆண்களுள் சில பல கன்றுகளுக்குத் தந்தையாகும். சில ஒன்றுக்கும் ஆகா. பெரிய உடலும் நீண்டு நிலைக்கும் மதமுமே வெற்றியைத் தீர்மானிக்கின்றன. நல்ல உடல்நிலையிலுள்ள ஆணுக்கே மதம் நீண்டகாலம் நிலைக்கும். கொம்பில்லாத ஆண்கள் நிறைந்த காசிரங்காவில் சுகுமாரும் அவருடைய மாணவியும் மேற்கொண்ட ஆய்வில், ஆண்களுக்கிடையிலான போட்டியில் கொம்பைவிட மதமே வலியது எனத் தெரியவந்தது. ஆக, வயலில் தின்ற கேழ்வரகு ஆண் யானைக்கு வெறும் வயிற்றுக்குரியதன்று. தலைமுறைக்கு இடும் முதலீடு. யானை இதை எண்ணிப் பார்த்துச் செய்கிறது என்பது இதன் பொருளன்று. அவ்வாறு நடந்துகொண்ட ஆண்களின் வழித்தோன்றல்களே காலப்போக்கில் மிகுந்தன என்பதே இவ்விளக்கம்.

பாதுகாப்பில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஆசிய யானையில் கொம்பு ஆணுக்கு மட்டுமே என்பதால் தந்தவேட்டைக்குப் பலியானதும் ஆண்தான். 1980-களின் இறுதியில் பெரியாறு காப்பகத்தில் வளர்ந்த ஆண் ஒன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் என்ற நிலை இருந்தது. எண்ணிக்கை குறையாததுபோல் தோன்றினாலும் அத்தகைய கூட்டத்தில் பிறப்பும் மரபுவளமும் குன்றும். வயலில் மிகுதியாக மேயும் விலங்கும், இனம் நிலைக்கக் கட்டாயம் தேவைப்படும் விலங்கும் ஒன்றாகவே இருப்பது யானைப் பாதுகாப்பின் தீராத இடர்ப்பாடு.

முரட்டு யானையைப் பிடித்து வேறு காட்டில் விட்டால் தீருமா? அரிசிக்கொம்பன் வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடிபட்டு, பெரியாறு காப்பகத்தில் விடப்பட்ட அந்த யானை ஒரு மாதத்துக்குள் கம்பம் நகர வீதியில் ஓடியது. மீண்டும் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

யானையின் நடத்தையும் மாறிவருகிறது. சுகுமாரும் இணைந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, 248 ஆண் யானைகளை 1,445 ஒளிப்படப் பதிவுகளின் வழியே கண்காணித்தது. தனித்துத் திரிய வேண்டிய இள ஆண்கள், வயல்களும் குடியிருப்புகளும் நிறைந்த பகுதிகளில் கூட்டமாக, நெடுநாள் பிரியாமல் வாழ்வதை அது காட்டிற்று. கூட்டாகச் சென்றால் ஆபத்து குறையும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. இடரைப் பகிர்ந்துகொள்ளும் கலையை யானையும் கற்றுவிட்டது போலும்!

அண்மை ஆண்டுகளில் நம் நாட்டில் யானையால் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 500 பேருக்கு மேல் உயிரிழக்கின்றனர். யானை வாழவேண்டும் என்று நகரத்தில் அமர்ந்து விரும்பும் நாம் அதற்குக் கொடுக்கும் விலை சிறிது. பரணில் விழித்திருப்பவர் கொடுப்பது பெரிது. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் இந்தச் சுமையைக் குறைக்க ஒரு முயற்சி நடைபெறுகிறது. யானை நிற்கும் இடம் தெரிந்தவுடன் சுற்றுவட்டார மக்களுக்குக் கைப்பேசிச் செய்தி போகிறது. உயரமான இடங்களில் சிவப்பு விளக்குகள் எரிகின்றன. வேலை முடிந்து வீடு திரும்புவோர் விளக்கைப் பார்த்து அன்றைக்கு வேறு பாதையில் நடக்கின்றனர்.